முகம் கேமராவுக்குள் போகவே வேண்டாம்

கேள்வி: எனக்கு 34 வயது. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் ஊர். எஸ்கார்ட்டாக, அதாவது பாலியல் தொழிலில், தனியாகத்தான் வேலை செய்கிறேன், யாருக்குக் கீழேயும் இல்லை. இதுவரை செல்போனில் நானே எடுத்த படங்களைத்தான் வைத்திருக்கிறேன். நல்ல படம் இருந்தால் கண்டவர்கள் தொந்தரவு குறையும், மரியாதையாகப் பேசுகிறவர்கள் வருவார்கள் என்கிறார்கள். மதுரையிலிருந்து ஒருவர் ‘போர்ட்ஃபோலியோ ஷூட்’ என்று 30 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். பணம் இல்லையென்றால் இலவசமாக எடுத்துவிட்டு, வருகிற வேலையில் கழித்துக்கொள்வாராம். பாம்பன் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கடல் தெரிய எடுக்கலாம், முகத்தை அப்புறம் மங்கலாக்கிவிடலாம் என்கிறார். மாதிரிக்கு இரண்டு படம் கேட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். என் மகன் பள்ளியில் படிக்கிறான். படம் வெளியே போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. எடுக்கலாமா சார்?

பதில்: எடுக்கலாம். ஆனால் அந்த மதுரைக்காரரிடம் வேண்டாம், பாம்பனில் வேண்டாம், முகத்தோடு வேண்டவே வேண்டாம். லென்ஸ், அப்பர்ச்சர் என்று சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன், அது படம் எடுப்பவர் கவலை. உங்கள் பயம் படம் எங்கே போகும் என்பதுதான். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் முகம். ‘அப்புறம் மங்கலாக்கிவிடலாம்’ என்று யார் சொன்னாலும், உங்கள் முகத்தோடு ஒரு படம் அவரிடம் இருக்கப்போகிறது என்று அர்த்தம். அது மெமரி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு, எடிட்டிங் பையனுக்கு, கூகுள் டிரைவுக்கு. எடிட்டிங்கை வெளியே கொடுக்கும் ஸ்டுடியோக்கள் எங்கள் போட்டோ தொழிலில் நிறைய. கல்யாண சீசனில் எந்த ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று நாங்களே தேடிக்கொண்டிருப்போம். மங்கலாக்கிய படம் உங்கள் கைக்கு வருவதற்குள் மூலப்படம் நாலு கை மாறியிருக்கும்.

அதனால் எடுக்கும்போதே முகம் ஃபிரேமுக்கு வெளியே இருக்க வேண்டும். உதட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலைப் பார்த்து நின்று, பின்னாலிருந்து எடுக்கலாம். சேலையின் மடிப்பு, கழுத்தின் வளைவு, கை வைத்திருக்கும் விதம் இவற்றை வைத்தே அழகான படம் வரும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், மறுபக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தி முகத்தை இருட்டாக்கிவிட்டேன் என்பார்கள். நம்பாதீர்கள். கேமரா பதிந்த மூல ஃபைலை (ரா ஃபைல்) கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினால், இருட்டுக்குள்ளிருந்து மூக்கும் முழியும் வந்து நிற்கும். முகத்தையே திருப்பிக்கொள்வதுதான் வழி.

அப்புறம் கார்டு. மெமரி கார்டு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிதாக வாங்கி நீங்களே கொண்டுபோங்கள். ‘இதில் எடுங்கள், முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், எடிட்டிங் வேண்டாம்’ என்று முன்பே பேசிவிடுங்கள். நல்ல கேமராக்களில் கார்டு போட இரண்டு இடம் இருக்கும். ஒன்றில் எடுக்கும்போதே இன்னொன்றில் அதே படம் பதிவாகும்படி வைத்திருப்பார்கள், கல்யாணத்தில் கார்டு கெட்டுப்போனால் அடி வாங்கக் கூடாதே என்று. அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இரண்டாவது இடம் காலியாக இருக்க வேண்டும். சில கேமராக்கள் படம் எடுக்க எடுக்கச் சின்ன அளவில் ஒரு காப்பியை போட்டோகிராபரின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவர் என்றால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். முகம் தெரிகிற படம் தவறி விழுந்துவிட்டால் ‘டெலிட் பண்ணிட்டேன்மா’ என்பார். டெலிட் செய்ததை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கார்டு உங்கள் பையில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

இப்போது பாம்பன். கடல் பின்னணி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலம், 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலம், இதில் எது ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல்கடை தெரிந்தாலும் தமிழ்நாட்டில் யாருக்கும் இடம் சொல்லத் தேவையில்லை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயமும் அப்படித்தான். ரிசார்ட் அறை இன்னும் மோசம். அதே கட்டில், அதே திரைச்சீலை, அதே டைல்ஸ் அவர்கள் விளம்பரத்தில் இருக்கும். கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் எந்த விடுதி என்று தெரிந்துவிடும், வரவேற்பறைப் பதிவேட்டில் உங்கள் ஆதார் இருக்கும்.

வீட்டில் எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். வீட்டு ஜன்னல் கம்பியின் டிசைன் தெரு முழுக்கத் தெரிந்தது. சுவரில் ஜவுளிக்கடை காலண்டர் தொங்கும், அதில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருக்கும். மூலையில் மகனின் பள்ளிப் பை. வேண்டாம். ஊரைத் தாண்டி ஒரு ஸ்டுடியோவில், சாதாரணச் சாம்பல் நிறத் துணிக்கு முன்னால் எடுங்கள். அந்தத் துணி எந்த ஊரிலும் ஒன்றுதான். ஃபேஸ்புக்கில் குடும்பப் படத்தில் உடுத்திய சேலை வேண்டாம். தாலிச் செயின், மோதிரம், பச்சை குத்தியது, கழுத்து மச்சம் எதுவும் தெரியக் கூடாது. செல்போனில் எடுத்த படமென்றால் எடுத்த இடமே ஃபைலுக்குள் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடவே போகும்.

சரி, மதுரைக்காரருக்கு வருவோம். இந்த ‘போர்ட்ஃபோலியோ’ வலையை நான் வெகுகாலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடலிங் ஆசைப்படும் பெண்களுக்கு ஒரு பெயரில், சீரியல் வாய்ப்புக்கு இன்னொரு பெயரில், உங்களைப் போன்றவர்களுக்கு வேறொரு பெயரில் விரிப்பார்கள். படம் எடுப்பதற்கும் வேலை பிடித்துத் தருவதற்கும் ஒரே ஆள் வந்து நின்றால் அவர் போட்டோகிராபர் இல்லை, புரோக்கர். கையில் கேமரா இருக்கிற புரோக்கர். 30 ஆயிரம் நியாயமா என்று தெரிய வேண்டுமானால், கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் இரண்டு மணி நேரத்துக்கு என்ன என்று பக்கத்து ஸ்டுடியோவில் விசாரியுங்கள். உங்களுக்கு அதைவிட ஒரு ரூபாய் கூட வேண்டியதில்லை. ஆல்பம் இல்லை, வீடியோ இல்லை, ட்ரோன் இல்லை, பிறகு எதற்கு?

அதைவிட ஆபத்து, இலவசமாக எடுத்துவிட்டு வேலையில் கழித்துக்கொள்வது. நம் கடற்கரையில் படகு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியவர் கணக்கு முடியாமல் வேறு படகில் ஏற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் அதேதான். கணக்கு அவர் நோட்டில் இருக்கும், ஒருநாளும் முடியாது. அதுவரை நீங்கள் தனியாகத் தொழில் செய்கிறவர் இல்லை, அவருடைய ஆள். அவர் நடத்தும் பக்கத்தில் பத்துப் பெண்களின் படத்தோடு உங்கள் படமும் நிற்கும். அவர் மேல் வழக்கு வந்தால் அந்தப் படங்கள்தான் சாட்சி.

படத்தின் உரிமைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17, ஒருவர் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான் என்கிறது. கேமரா யாருடையது என்பது கணக்கில்லை. எடுத்தவருக்கு உரிமை என்று பாதி போட்டோகிராபர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத்தான் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் இந்த விதி செல்லாது. எடுக்கச் சொன்னதும் காசு கொடுத்ததும் வேறொருவர் என்றாலும் உரிமை உங்களுக்கு வராது. மதுரைக்காரர் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிவந்து, அவருக்குக் கூலி கொடுத்து, உங்களை எடுக்கச் சொன்னால் படம் மதுரைக்காரருடையது. அவரே இலவசமாக எடுத்தால் எடுத்தவர் என்ற முறையில் உரிமை அவருக்கு. இரண்டிலும் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. நாளைக்கு ‘அந்தப் படத்தை எடுத்துவிடு’ என்றால் ‘என் படம், நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று அவர் எதிர்வாதம் பண்ணலாம். ஷூட்டுக்கு முன் ‘வெறும் ஃபார்மாலிட்டி’ என்று ஒரு தாளை நீட்டினால் அதில் இருப்பதும் இதுதான். கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆகவே காசு உங்கள் கையிலிருந்து, நேராக எடுப்பவருக்கு. ஜிபேயில் போட்டால் ஆதாரம் இருக்கும், ஆனால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அவருக்குத் தெரிந்துவிடும். ரொக்கமாகக் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் அவரை எழுதித்தரச் சொல்லுங்கள்: ‘இன்ன தேதியில் எடுத்த படங்களுக்கு முழுத் தொகையும் இந்தத் தாளைக் கொண்டுவருபவரிடம் பெற்றுக்கொண்டேன். படங்களின் உரிமை முழுவதும் அவருக்கே. என்னிடம் பிரதி எதுவும் இல்லை. எங்கும் வெளியிட மாட்டேன், விளம்பரத்துக்கும் பயன்படுத்த மாட்டேன்.’ கீழே கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை. உங்கள் பெயர் அதில் வர வேண்டியதில்லை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு வார்த்தை. வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் தனியாகச் செய்வதை 1956-ம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கவில்லை. அதைச் சுற்றியிருப்பதையெல்லாம் குற்றமாக்குகிறது: விபச்சார விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்த வருமானத்தில் பிழைப்பது, பொது இடத்தில் அழைப்பது. வழிபாட்டு இடத்துக்கு 200 மீட்டருக்குள் என்றால் அது தனிக் குற்றம். ராமேஸ்வரத்தில் கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி, இன்னொரு கோயிலோ மடமோ குறுக்கிடாத இடத்தை எவராவது காட்டட்டும் பார்க்கலாம். படத்தோடு விலையையும் போன் நம்பரையும் சேர்த்துப் போட்டால் அதை அழைப்பு என்று எழுதிக்கொள்ள போலீசுக்கு வசதி. அதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது படத்தைப் பற்றி மட்டும்: உடுப்போடு எடுத்த படம்தான். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் படத்தை இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67ஏ-படி முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். போட்டது நானேதான் என்பது காப்பாற்றாது.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் கேட்பார்கள். மிரட்டிய செய்தி, நம்பர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம். அந்தரங்கமான படம் என்றால் இன்னும் ஒன்று: எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77-லேயே இருக்கிறது. இது தெரியாமல் ‘நீதானேம்மா எடுக்கச் சொன்ன’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் ஸ்டேஷன்கள் இன்னும் இருக்கின்றன. ‘எங்கள் எல்லை இல்லை, அங்கே போ’ என்பது இன்னொரு பல்லவி. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எல்லை பார்க்காமல் புகாரைப் பதியச் சொல்கிறது. யார் கேட்கிறார்கள்? பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், அவர்கள் அடையாளம் தெரியும்படி ஊடகங்கள் படம் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்றே சொல்லியாகிவிட்டது. ரெய்டு என்றால் கேமராவோடு போய் நிற்கும் பழக்கம் போனபாடில்லை. ஆகவே தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய இரண்டு படங்கள். அனுப்பி இரண்டரை நாள் ஆகவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழிக்கும் வசதியை இப்போதே பயன்படுத்துங்கள். அவர் போன் கேலரியில் சேமித்திருந்தால் அது போகாது, இருந்தாலும் செய்யுங்கள். அதற்கு முன் அவரோடு பேசிய அத்தனையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவருக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சலில் வையுங்கள். அந்தப் படங்களில் ஒன்று அந்தரங்கமானது என்றால் ‘ஸ்டாப்என்சிஐஐ’ தளத்தில் பதிந்துவிடுங்கள். படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும், அதில் சேர்ந்துள்ள தளங்களில் யாராவது ஏற்றினால் தடுக்க உதவும். அவரிடம் கோபமாக ஒன்றும் எழுத வேண்டாம், சட்டப் பிரிவு எதையும் சொல்ல வேண்டாம். ‘இப்போதைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை சார்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். அதற்குப் பிறகும் போன் வந்தால் எடுக்காதீர்கள், வருகிற செய்திகளை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.