நம்பிக்கை தரும் இளம் விங்கரை டிரேடு செய்யலாமா (வேறு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாமா)?

கேள்வி இதுதான்: ஐஸ் ஹாக்கி அணி ஒன்றில் இருபது, இருபத்தோரு வயது விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் முன்கள வீரன், ஒருவன் இருக்கிறான். வேகம் இருக்கிறது, கையில் வித்தை இருக்கிறது, கோல் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அவனைக் கொடுத்துவிட்டு அனுபவமுள்ள டிஃபென்ஸ்மேன் (தடுப்பு வீரர்) ஒருவரை வாங்கலாமா?

கூடாது என்பதுதான் என் பதில். ஒரே ஒரு நிலைமையில் கொடுக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பெரம்பூர்க்காரன். மாலை நேரத்தில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்துப் பையன்களுக்கு நம்மூர் ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறேன். ஐஸ் ஹாக்கி, டொராண்டோவில் இருக்கும் சித்தி மகன் மூலம் ஒட்டிக்கொண்டது. அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. வீடு எழுந்திருப்பதற்குள் முதல் பீரியடை, அதாவது ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதியைப் பார்த்துவிடலாம்.

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-லில் ஆடும் வான்கூவர் அணியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1986-ல் கேம் நீலி என்ற ரைட் விங்கரை, அவருடைய 21-வது பிறந்த நாளன்றே பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். கூடவே முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒன்றையும் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர் பேரி பெடர்சன். ஒரு சீசனில் நூறு புள்ளிகளை (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) தாண்டியவர்தான், ஆனால் அவருடைய நல்ல ஆட்டக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய சீசனில் 14 கோல் அடித்திருந்த நீலி, பாஸ்டனில் முதல் வருடமே 36 அடித்தார். அப்புறம் மூன்று சீசன்களில் ஐம்பதைத் தொட்டார். பத்து வருடம் கழித்து அதே வான்கூவருக்கு இன்னொரு அணியின் அவசரம் லாபமாக வந்தது. 1996-ல் பிட்ஸ்பர்க், மார்கஸ் நாஸ்லண்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அலெக் ஸ்டோயனவை வாங்கியது. ஸ்டோயனவ் பிட்ஸ்பர்க்குக்காக அடித்தது மொத்தம் 2 கோல். நாஸ்லண்ட் வான்கூவரின் கேப்டன் ஆனார். 2008-ல் அவர் விலகும்போது அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் அவருடையவை.

உங்கள் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது 2016-ல் எட்மன்டன் செய்த டிரேடு. டெய்லர் ஹாலைக் கொடுத்து ஆடம் லார்சன் என்ற டிஃபென்ஸ்மேனை நியூ ஜெர்சியிடமிருந்து வாங்கினார்கள். லார்சன் நன்றாகவே ஆடினார். எட்மன்டனும் 2006-க்குப் பிறகு முதல் முறையாக அடுத்த சீசனில் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. ஆனால் 2018-ல் லீகின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை ஹாலின் கைக்குப் போனது. ஒரு குறையை அடைக்க இவ்வளவு பெரிய விலையா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

பையன் தேறுவானா என்று கோல் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதலில், எத்தனை நிமிடம் ஆடுகிறான்? முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக, லைன் லைனாக மாறி மாறி இறங்குவார்கள். முதல் லைனில் இருப்பவர்கள் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆடுவார்கள், நான்காம் லைன் பத்தைத் தொடுவதே அரிது. பவர்பிளேயிலும் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) இறக்காமல், ஒன்பது நிமிடம் கொடுத்துவிட்டு "கோல் எங்கே?" என்று கேட்பது நியாயமே இல்லை. அடுத்தது, எத்தனை ஷாட் அடிக்கிறான்? லீகில் நூறு ஷாட்டுக்குப் பத்து கோல் என்பது ஏறக்குறைய சராசரி. 200 ஷாட்டில் 10 கோல்தான் வந்திருக்கிறது என்றால், அவன் வாய்ப்பை உருவாக்குகிறான், கோலிகள் (கோல்கீப்பர்கள்) தடுத்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது அடுத்த வருடம் சரியாகிவிடும்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. தன் பகுதியிலிருந்து அணி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வெளியே எடுக்கும்போது, டிஃபென்ஸ்மேன் அதை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையை ஒட்டி விங்கருக்கு அனுப்புவார். விங்கர் பலகையோரம் நின்று வாங்க வேண்டும். எதிரணி டிஃபென்ஸ்மேன் அவனை நசுக்க முழு வேகத்தில் இறங்கி வருவார். பக் வந்து சேரும் முன் அந்தப் பையன் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்ப்பவன், நடுவில் வரும் சென்டருக்கு (நடு முன்கள வீரருக்கு) பக்கை லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டு இடியை வாங்கிக்கொள்வான். பார்க்காதவன் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான், பக் நேரே எதிரணியிடம் போகும். என்னிடம் ஆடும் ரைட் அவுட் பையன் ஒருவன் பக்கக் கோட்டோரம் பந்தை நிறுத்தும் முன் உள்பக்கம் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையில் ஆட்டம் முழுவதும் அவனுக்குத் தெரிந்துவிடும். வேகத்தைப் பயிற்சியில் கொஞ்சம் கூட்டலாம். இந்தப் பார்வையைப் பழக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் விங்கரிடம் அது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பணக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. என்.எச்.எல்.-லில் 2005 முதல் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் பையன் அதில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்வான். அனுபவசாலி பல மடங்கு எடுத்துக்கொள்வார்.

வட சென்னைப் பக்கம் எங்களுக்கு டிரேடு கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ வங்கியிலோ போலீஸிலோ வேலை வந்தால் பையன் போய்விடுவான். போகத்தான் வேண்டும், வீடே அதை நம்பி இருக்கிறது. நாங்களே வாழ்த்தி அனுப்பி வைக்கிறோம். ஆனால் என்.எச்.எல். அணிக்கு, பையனுக்கு 27 வயதாகும் வரை அல்லது அவன் 7 சீசன் ஆடி முடிக்கும் வரை அவனைக் கையில் வைத்திருக்க வழி இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்காத அவ்வளவு பெரிய அவகாசத்தை, ஒரு மோசமான டிசம்பர் மாதத்துக்குப் பயந்து தூக்கிப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, கொடுக்கக்கூடிய அந்த நிலைமை எது? 1988 மார்ச்சில் கால்கரி, பிரெட் ஹல் என்ற இளம் விங்கரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து டிஃபென்ஸ்மேன் ராப் ராமேஜையும் கோலி ரிக் வாம்ஸ்லியையும் வாங்கியது. ஹல் 1990-91-ல் 86 கோல் அடித்தார். ஆனால் கால்கரி 1989-லேயே என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டது, இன்றுவரை அவர்களுக்கு அது ஒன்றுதான். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அணி அது, என்ன குறை என்றும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

உங்கள் அணி அந்த இடத்தில் இருக்கிறதா? பிளேஆஃபுக்குள் நுழையவே திணறுகிறது என்றால் பேச்சையே எடுக்க வேண்டாம். நல்ல சென்டர் ஒருவருடன் சேர்த்து, இரண்டாவது லைனில் இருபது ஆட்டம் தொடர்ந்து இறக்குங்கள். கோல் இல்லாவிட்டாலும் நடுவில் உட்கார வைக்காதீர்கள்.