வெப்கேம் வாங்கும் முன் ஜன்னலைக் கவனியுங்கள்

கேள்வி: நங்கநல்லூரில் இருக்கிறேன், வயது 66. அமெரிக்காவில் இருக்கும் சில குழந்தைகளுக்கு ஸூம் வழியாக வீணை சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடும் பேரனோடும் வீடியோ கால். என் முகம் கறுப்பாகத் தெரிகிறது, வாசிக்கும்போது விரல் கலங்கலாகத் தெரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரிச்சி தெருவில் விசாரித்தேன். 4கே வெப்கேம், கூடவே ரிங் லைட், 4,800 ரூபாய் என்றார்கள். என் கணவர் மத்திய அரசு பென்ஷனர். அவருடைய லைஃப் சர்டிஃபிகேட்டுக்கும் இதே கேமரா போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முகம் கறுப்பது, விரல் கலங்குவது இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வெளிச்சம் போதவில்லை, இல்லையென்றால் தப்பான பக்கத்திலிருந்து வருகிறது.

லேப்டாப் மூடியில் இருக்கும் கேமரா மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் அது ஒவ்வொரு படத்தையும் நிதானமாக எடுக்கும். நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டியது 15 ஆக இறங்கிவிடும். அதற்குள் உங்கள் விரல் வீணையின் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போய்விடும். பார்ப்பவருக்கு விரல் தெரியாது, இழுபட்ட கோடுதான் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் தொல்லை வேறு மாதிரி. கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு உங்கள் முகத்தை இருட்டில் விட்டுவிடும். விலை அதிகமான கேமராக்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே பகலில் பேசும்போது ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், லேப்டாப் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தைகளுக்கு வகுப்பு என்றால் நமக்கு விடியற்காலை அல்லது இரவு, ஜன்னல் உதவாது. அப்போது லேப்டாப்புக்குப் பின்னால் உள்ள சுவரில், உங்கள் தலை உயரத்துக்கு மேலே ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் மாட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் கூலியோடு சேர்த்தாலும் கடைக்காரர் சொன்ன விலை வராது. உச்சி விளக்கு மட்டும் எரிந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். ரிங் லைட் வேண்டவே வேண்டாம். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு கண்ணிலும் வெள்ளை வளையம் தெரியும்.

இன்னொன்று. கண்ணாடி துடைக்கும் துணியால் கேமராவின் கண்ணை ஒரு தடவை துடைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது கட்டைவிரல் சரியாக அதன் மேல்தான் படுகிறது. மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெய்ப் படலம் போனாலே படம் தெளிவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

விளக்கு போட்ட பிறகு படத்தில் மெல்லிய பட்டைகள் மேலிருந்து கீழே ஓடினால் பயப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கேற்ப விளக்கும் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சில கேமராக்கள் அமெரிக்காவின் 60-க்கு அமைக்கப்பட்டு வருகின்றன. விண்டோஸில் கேமரா செயலியைத் திறந்து, அமைப்புகளில் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் என்று இருப்பதை 50-க்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் வகுப்பு நடத்திப் பாருங்கள். அப்புறமும் திருப்தி இல்லையென்றால் கேமரா வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

அப்படிப் பேசும்போது முதலில் அந்த 4கே. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 4கே என்றால் ஒரு படத்தில் ஏறக்குறைய 80 லட்சம் புள்ளிகள். 1080 என்பது 20 லட்சம், 720 என்பது 9 லட்சத்துக்குச் சற்று மேல். நீங்கள் 4கே அனுப்பினாலும் ஸூம் அதை அப்படியே மகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இலவசக் கணக்கில் 720 கிடைத்தாலே நல்லது, நெட் தடுமாறினால் அதற்கும் கீழே. அந்த 80 லட்சம் புள்ளிக்குக் கொடுத்த காசு வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது.

அதைவிடப் பெரிய மோசடி, பெட்டியில் 4கே என்று அச்சடித்திருக்கும் பல மலிவு கேமராக்கள் 4கே-யே இல்லை. உள்ளே இருப்பது சின்ன சென்சார். அது எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிக் கணக்குக் காட்டுகிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கடைக்குப் போகும்போது அன்றைய பேப்பரை எடுத்துப் போங்கள். கேமராவைக் கடையின் கம்ப்யூட்டரில் செருகச் சொல்லி, வரி விளம்பரப் பக்கத்தை ஒரு கை தூரத்தில் பிடியுங்கள். 720-இல் ஒரு தடவை, அவர்கள் சொல்லும் பெரிய அளவில் ஒரு தடவை. எழுத்து முன்பைவிடக் கூர்மையானால் சரி. வெறுமனே பெரிதாகி அதே மங்கலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். செருகிக் காட்ட மாட்டோம், சீல் உடைக்கக் கூடாது என்றால் அந்தக் கடையே வேண்டாம். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்? நேர்மையாக வியாபாரம் செய்பவர்களும் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். செருகிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம் இவை இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெப்கேமுக்கு இந்தப் பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று தெரிந்துவிடும். இவ்வளவு சட்டம் இருந்தும் எண்ணே இல்லாத பெட்டிகள் நடைபாதை வரைக்கும் குவிந்து கிடக்கின்றன. ஆன்லைனில் இன்னும் மோசம், 4கே என்று யார் வேண்டுமானாலும் தலைப்புப் போடலாம், கேட்பார் இல்லை. சரிபார்க்கும் வேலையை 66 வயது வீணை டீச்சர் தலையில் கட்டுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் வேண்டாமென்றால் இருநூறு ரூபாய் குறைப்பார்கள். வாரண்டி அதோடு போச்சு. டிரைவர், அதாவது கேமராவை இயக்கும் மென்பொருள், போட்டுத் தர 300 ரூபாய் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இப்போது வரும் யு.எஸ்.பி. வெப்கேமைச் செருகினாலே விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும்.

மகளோடு பேச மட்டும் என்றால் பெயர் தெரிந்த கம்பெனியின் 720 அல்லது 1080 கேமரா எதுவும் போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வீணை சொல்லிக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீணைக்கு முதல் பிரச்சினை அகலம். முகத்துக்கென்று செய்த கேமராக்கள் ஏறக்குறைய 55, 60 டிகிரிதான் பார்க்கும். வீணையின் ஒரு முனையில் உள்ள குடத்திலிருந்து மறுமுனையில் உள்ள யாளி வரை ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றால் நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். 75, 80 டிகிரி உள்ளதை வாங்குங்கள். உதாரணத்துக்கு, லாஜிடெக்கில் சி270 என்ற பழைய மாடல் 720, குறுகலானது. சி920 என்பது 1080, 78 டிகிரி. இதுதான் வேண்டும் என்று சொல்லவில்லை, இந்த அளவில் எதுவானாலும் சரி. இரண்டாவது, ஆட்டோ ஃபோகஸ். கை மெட்டுகளின் மேல் ஓடும்போது கேமரா எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மங்கித் தெளிந்து மங்கித் தெளிந்து வரும். அதை நிறுத்தி வைக்க முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். ஃபோகஸ் மாறாத கேமராவில் இந்தச் சங்கடமே இல்லை. தரையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு மேஜை உயரக் கேமரா தலையைத்தான் காட்டும். ஒரு முக்காலி மேல், உங்கள் தோள் உயரத்தில், இடது கைப் பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள். திரையில் உங்களுக்கு இடது வலமாகத் தெரியும். அது உங்களுக்கு மட்டும்தான், குழந்தைக்குச் சரியாகவே தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம், அதற்குக் கேமராவோடு சம்பந்தமே இல்லை. ஸூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இடைவிடாமல் ஒரே மாதிரி வரும் சத்தத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அடக்கும். தம்புராவும் இடைவிடாத சத்தம்தான், சுருதி விழுங்கப்பட்டுவிடும். வீணையில் மீட்டிய பிறகு நீளும் நாதமும், அதில் வரும் கமகத்தின் கடைசிப் பகுதியும் பாதியில் அறுந்துபோகும். குழந்தை கமகத்தைத் தப்பாகப் பிடிக்கிறது என்று நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள், அதன் காதுக்கு அது வந்தே இருக்காது. லேப்டாப்பில் ஸூம் அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குழந்தையின் வீட்டிலும் இதையே செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர்கள் வாசிப்பது உங்களுக்கு அறுந்து அறுந்து கேட்கும். இது ஆன் ஆகியிருக்கும்போது இரண்டு பக்கமும் ஒயர் உள்ள இயர்போன் போட்டுக்கொள்வது நல்லது, எதிரொலி வராது. மின்விசிறிச் சத்தமும் அப்படியே போகும் என்பதால் வகுப்பு நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சென்னையில் இது கஷ்டம்தான், வேறு வழியில்லை. சுருதிப் பெட்டியை அவரவர் வீட்டில் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், சத்தம் போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் ஒட்டாது.

நெட் பற்றிச் சுருக்கமாக. ஸூமில் 720 போக நொடிக்கு 1.2 மெகாபிட் போதும், அநேகமாக உங்கள் இணைப்பில் அதற்கு மேலேயே இருக்கும். மோடம் வாசல் பக்கமும் நீங்கள் உள் அறையிலும் இருந்தால்தான் தொல்லை. ஒரு நீள கேபிள் இழுத்து லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து சரிசெய்கிறேன் என்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். போனிலேயே பார்க்கிறேன், எனிடெஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவராக இல்லாத பட்சத்தில் மறுத்துவிடுங்கள். அதைப் போட்டு நம்பரைச் சொன்னால் உங்கள் லேப்டாப் அவர் கையில். அதில்தான் பேங்க் கணக்கும் திறக்கிறீர்கள். கூகிளில் தேடினால் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பரை நம்பாதீர்கள், பெட்டியில் அச்சிட்ட நம்பருக்குக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். நேரமாக ஆக மீட்பது கடினம்.

கடைசியாக லைஃப் சர்டிஃபிகேட். கடைக்காரர் சொன்னது தவறு. கம்ப்யூட்டரில் ஜீவன் பிரமாண், அதாவது டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட், செய்ய, பதிவு பெற்ற கைரேகை அல்லது கருவிழிக் கருவி வேண்டும். சாதாரண வெப்கேம் அதற்கு ஆகாது. முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி 2021 நவம்பரில் வந்தது, அது ஆண்ட்ராய்டு போனில். 5 மெகாபிக்சல் கேமரா உள்ள போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ஃபேஸ் என்ற இரண்டு செயலிகளைப் போட்டு, ஆதார் எண்ணும் பி.பி.ஓ. எண்ணும் (பென்ஷன் உத்தரவில் உள்ள எண்) கொடுத்து வீட்டிலேயே முடிக்கலாம், செலவில்லை. முகம் பதியவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயும் வெளிச்சம்தான் காரணமாக இருக்கும், ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருவார். இதை பேங்க் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் நவம்பர் மாதத்தில் இத்தனை வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எழுதுவதில்லை, கேட்டால் பிரவுசிங் சென்டருக்குப் போங்கள் என்கிறார்கள். உங்கள் கணவருக்கு 80 ஆகிவிட்டதென்றால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம்.