வளைவில் ரயில் கிறீச்சிட்டால் தடம் புரளுமா?

கேள்வி: காரைக்குடி – மானாமதுரை ரயில் பாதையை ஒட்டி, கல்லல் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் பாதை வளைகிறது. ரயில் போகும்போதெல்லாம் காது கூசும்படி கிறீச்சென்று சத்தம். "மனை வளைவின் உள்பக்கம் இருக்கிறது, தடம் புரண்டாலும் ரயில் வெளிப்பக்கம்தான் விழும்" என்று சொல்லி, புரோக்கர் சென்ட்டுக்குக் கூடுதல் விலை கேட்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சத்தத்துக்காகப் பயப்படவும் வேண்டாம்.

முதலில் சத்தம். ரயிலின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதைச் சமாளிக்கத்தான் சக்கரத்தின் முகத்தைச் சற்றுச் சரிவாகச் செதுக்கியிருக்கிறார்கள். வளைவு கூர்மையாக இருந்தால் அந்தச் சரிவு போதாது. சக்கரம் உருளுவதோடு பக்கவாட்டிலும் வழுக்கும். காய்ந்த இரும்பு இரும்போடு உரசுவதுதான் நீங்கள் கேட்கும் கிறீச். மழை பெய்தால் குறைந்துவிடும், கவனித்துப் பாருங்கள். சத்தம் வருவதால் மட்டுமே ரயில் ஏறி விழப்போகிறது என்று ஆகாது.

ஆபத்து எப்போது? சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில் இரண்டு விசைகள்: எடை கீழே அழுத்துகிறது, வளைவு பக்கவாட்டில் தள்ளுகிறது. கீழே அழுத்துவது குறைந்து பக்கவாட்டுத் தள்ளல் கூடினால், சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறப் பார்க்கும். இந்த இரண்டின் விகிதம்தான் முக்கியம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

இதில் எல்லோரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. வேகமாகப் போகும் ரயில்தான் தடம் புரளும் என்பார்கள். ஆனால் காலி சரக்கு வேகன் மெதுவாக ஊர்ந்து போகும்போதுகூட ஏறிவிடலாம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி தடத்தை விட்டு ஏறாது, வெறும் வண்டி துள்ளி ஏறிவிடும் இல்லையா, அதே கதைதான். பாதையில் ஒரு தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால், காலி வேகனின் ஒரு சக்கரத்தின் மேல் எடை வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது சின்னத் தள்ளல் போதும். ஸ்டேஷன் யார்டுகளில் ஆள் நடக்கும் வேகத்தில்கூட வேகன்கள் இறங்கிவிடுவது இதனால்தான். ஆகவே உங்கள் வளைவில் "வண்டி மெதுவாகத்தான் போகும்" என்று புரோக்கர் ஆறுதல் சொன்னால் அதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி உள்பக்கம், வெளிப்பக்கம். வளைவில் பெரும்பாலும் வெளித் தண்டவாளத்தின் மேல்தான் சக்கரம் ஏறும் என்பது உண்மை. அந்த அரை உண்மையை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். தடம் புரண்ட பிறகு பெட்டிகள் ஒன்றையொன்று முட்டி மடங்கி இரண்டு பக்கமும் சாயலாம். உங்களைக் காப்பது தூரம், பக்கம் இல்லை.

அந்தத் தூரத்தில்தான் உண்மையான மோசடியே நடக்கிறது. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வீடு கட்டினால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். இந்த 30 மீட்டரைத் தண்டவாளத்திலிருந்து அளந்து காட்டுவார்கள். அது தவறு. ரயில்வே நிலம் தண்டவாளத்தைத் தாண்டியும் இருக்கும். அதன் எல்லைக் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும். கல் கருவேலம் புதருக்குள் மறைந்திருக்கும், சில இடங்களில் பிடுங்கியே போட்டிருப்பார்கள். பட்டாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சர்வேயரை வைத்து எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து, உங்கள் கண் முன்னால் டேப் பிடிக்கச் சொல்லுங்கள். "சான்று நானே வாங்கித் தருகிறேன், அட்வான்ஸ் போடுங்கள்" என்பவரிடம் பணம் போனால் திரும்பாது. சான்றுக்கு விண்ணப்பித்தாலோ, உள்ளாட்சி அலுவலகம் ரயில்வேயைக் கைகாட்டும், ரயில்வே உள்ளாட்சி மூலமாக வரச் சொல்லும். வீடு கட்டுகிறவரை இப்படி மாதக்கணக்கில் அலைய விடுவது அநியாயம். ஒரே மேசையில் முடிய வேண்டிய வேலை இது. அந்த அலைச்சல்தான் புரோக்கர்களுக்குச் சோறு போடுகிறது.

வாங்கிய பிறகு கிறீச் சத்தத்தை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் "தடக்" என்று புதிதாக இடித்தாலோ, வேலிக்கு இப்பாலிருந்து பார்க்கும்போதே ஜல்லிக்குள்ளிருந்து சேறு பிதுங்கித் தெரிந்தாலோ ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லுங்கள், தினமும் பாதையைச் சரிபார்த்து நடந்து வரும் ரயில்வே ஊழியரான கீமேனிடமும் காட்டுங்கள். பார்ப்பதற்காக நீங்கள் பாதையில் இறங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். சரி, இப்போதைக்கு எல்லைக் கல் கண்ணில் படும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.