விதைக்காத நிலத்துக்கு வாடகையா?

கேள்வி: அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே பல ஏக்கர் வெறும் புல்லாகக் கிடந்தது. அதற்கு அரசாங்கம் வருடா வருடம் பணம் தருகிறதாம். சும்மா போட்டு வைக்கவா காசு?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சும்மா போட்டு வைக்க இல்லை ஐயா. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘சிஆர்பி’ (Conservation Reserve Program, மண்ணைக் காக்க நிலத்தை ஒதுக்கி வைக்கும் திட்டம்) நிலமாக இருக்கும். 1985 வேளாண் சட்டத்தில் வந்த திட்டம் அது. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தில் பயிரை நிறுத்திப் புல்லோ மரமோ வைக்க விவசாயி ஒப்புக்கொண்டால், 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு ஏக்கர் கணக்கில் வாடகை தரும். விதைப்புச் செலவிலும் பாதி வரை கிடைக்கும்.

மண் ஆய்வு வேலையாக மேற்கு அயோவாவில் சில வருடம் இருந்தவன் நான். அங்குள்ள குன்றுகள் காற்று கொண்டுவந்து குவித்த மண்ணால் ஆனவை. மக்காச்சோளம் இரண்டு இலை விட்டு நிற்கும் மே மாதத்தில் ஒரு கனமழை பெய்தால் போதும், சரிவு முழுக்க விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழுந்திருக்கும். ரோட்டோரப் பள்ளத்தில் மேல்மண் மாவு போல வழவழவென்று படிந்திருக்கும். பக்கத்திலேயே புல் போட்ட சரிவில் அப்படி ஒரு கீறல்கூட இருக்காது. அந்தப் புல்லைத் தூரோடு பிடுங்கப் பார்த்திருக்கிறேன், கை வலித்ததுதான் மிச்சம். அரசு பணம் கொடுப்பது அந்த வேருக்குத்தான்.

வேலையும் உண்டு. களையை அடக்க வேண்டும், தானாக முளைக்கும் மரக்கன்றுகளை எடுக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் புல்லை வெட்டக் கூடாது. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் அதுவரை வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு ஊரில் பாதி நிலம் புல்லானால் விதைக்கடைக்காரர், உரக்கடைக்காரர் கதி என்ன? குத்தகைக்கு நிலம் தேடும் இளைஞர் அரசாங்கத்தோடு போட்டி போட முடியுமா? அதனால்தான் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரியான ஒரு பிரிவு) சாகுபடி நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். ஒருவருக்கு ஆண்டு வாடகை 50,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்றும் உண்டு. சமதளமான நல்ல நிலத்தை இதில் கொண்டுபோய் முடக்குவது எனக்கும் பிடிக்காது. சரிவும் ஓடைக்கரையும்தான் இதற்கு உரியவை.

என் கவலையே வேறு. 2007-ல் சுமார் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. அப்புறம் மக்காச்சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் பலர் மறுபடி ஏர் பூட்டினார்கள். 2014 வேளாண் சட்டம், நாடு முழுக்க இதில் சேர்க்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பையே படிப்படியாக 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைத்தது. பத்து வருடம் மக்கள் வரிப்பணத்தில் கட்டிக் காத்த சரிவை ஒரே பருவத்தில் உழுது விடுகிறார்கள். விவசாயியைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கும் கடன் இருக்கிறது. ஒப்பந்தக் காலம்தான் குறைவு. 2018 சட்டத்தில் சில நிலங்களுக்கு 30 ஆண்டு ஒப்பந்தத்தைச் சோதனை முறையில் கொண்டுவந்தார்கள். செங்குத்தான சரிவுகள் எல்லாவற்றுக்கும் அதைத் தர வேண்டும் என்பேன்.