8 மைக் ரிங்ல மோட் 4 தெரியுதா? மைக்கை மாத்திடாதீங்க

கேள்வி: 70 மி.மீ குழாய்ல 12 பிளேடு, 5 ஸ்டேட்டர் (அசையாம நிக்குற தகடு) உள்ள எலெக்ட்ரிக் டக்டட் ஃபேன், 30,000 ஆர்பிஎம். பிளேடுக்கு 5 மி.மீ முன்னாடி இன்டேக் சுவத்துல 8 மைக்கை வட்டமா வச்சு மோட் (வட்டத்தைச் சுத்தி ஒலி அழுத்தத்துல எத்தனை மேடு பள்ளம்ங்கறது) பிரிச்சா 6000 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 500 சுத்து x 12 பிளேடு) மோட் 4 தான் பெருசா நிக்குது. மைக் போயிடுச்சா?

பதில்: மைக் மேல தப்பு இல்ல, காசை வேஸ்ட் பண்ணாதீங்க. பிராட் அண்ட் விட்னிங்கற விமான இன்ஜின் கம்பெனில இருந்த டைலரும் சோஃப்ரினும் 1962ல போட்ட கணக்கு தான் பெரிய இன்ஜினுக்கும் உங்க பொம்மை ஃபேனுக்கும்: பிளேடு எண்ணிக்கையில ஸ்டேட்டரோட மடங்குகளைக் கூட்டி கழிச்சுப் பாருங்க, 12, 7, 2, -3 இப்படி வருது (மைனஸ்னா எதிர் பக்கமா சுத்துறது), 4 வரவே இல்ல. அப்படியே வந்தாலும் உங்க சைஸ் குழாய்ல மோட் 4 வெளிய போக கிட்டத்தட்ட 8300 ஹெர்ட்ஸ் வேணும், 6000ல உள்ளயே அமுங்கிடும். வெளிய கேக்குறதுன்னா அது மோட் 2.

அப்போ 4 எப்படி? பிளேடோட சேந்து 12 மேடு 12 பள்ளமா ஒரு ப்ரெஷர் பேட்டர்ன் சுத்துது, உங்க மைக் அதுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு. 8 மைக்குக்கு 12 மேடுன்னா ஒரு மைக்ல இருந்து அடுத்ததுக்கு ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்துல இருக்குங்கறது) ஒண்ணரை சுத்து மாறும், ஆனா மைக்குக்கு ஒண்ணரையும் அரையும் ஒண்ணு தான், அரை சுத்துன்னா மோட் 4ன்னு சாஃப்ட்வேர் எழுதிடும் (ப்ளஸ் 4ஆ மைனஸ் 4ஆன்னு கூட அதுக்குத் தெரியாது). பக்கத்து பக்கத்து மைக் சிக்னலை ஸ்கோப்ல (அலையைத் திரையில காட்டுற கருவி) போடுங்க, ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும்.

உறுதி பண்ண ரிங்கை இன்னும் 1 செ.மீ முன்னாடி தள்ளுங்க. அந்த 12 பேட்டர்ன் மி.மீக்கு சுமார் 3 டெசிபெல் விழும், அதனால போலி 4 காணாம போயிடும், மோட் 2 பெருசா அசையாது. பிளேடு பக்கத்துல விலை கம்மியான மெம்ஸ் மைக் (சிப்புல வர்ற குட்டி மைக்) வச்சா கிளிப் ஆகவும் (சத்தம் தாங்காம சிக்னல் வெட்டுப்படவும்) சான்ஸ் அதிகம், நிறைய மாடல் 120 டெசிபெல் வரைக்கும் தான் தாங்கும், அந்தத் தொல்லையும் சேந்து போகும்.

அடுத்த டோன் 6000ஓட ரெட்டிப்பு, 12,000 ஹெர்ட்ஸ், அதுல மோட் 6 வரைக்கும் அமுங்காம உயிரோட இருக்கும், -6ல இருந்து +6 வரைக்கும் பிரிக்க குறைஞ்சது 13 இடத்துல அளக்கணும். மைக் வாங்க பட்ஜெட் இல்லையா? ஷாஃப்ட்ல ஒரு டாக்கோ பல்ஸ் (சுத்துக்கு ஒரு தடவை வர்ற சிக்னல்) எடுங்க, ஒரே மைக்கை இடம் இடமா நகத்தி, பல்ஸை வச்சு ஒவ்வொரு சுத்தையும் அடுக்கி ஆவரேஜ் பண்ணுங்க. ஆர்பிஎம் ஆடாம இருக்கணும், அது தான் இதுல பெரிய தலைவலி.

ஃபேனை மேஜையோட ஒட்டி வைக்காதீங்க. கீழ இருந்து சுழல் உள்ள போனா கணக்குல இல்லாத மோடெல்லாம் வரும், பெரிய இன்ஜினைத் தரையில டெஸ்ட் பண்ணும்போது இன்டேக்ல தேன்கூடு வலை வச்ச கோளம் மாட்டுறது இதுக்காகத் தான். இன்னொண்ணு, தனித்தனி யூஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டவே வேண்டாம், ஒவ்வொண்ணும் தன் கிளாக்ல ஓடும், ஃபேஸ் நகந்துட்டே இருந்தா மோட் கணக்கே நிக்காது.