இளவரசி ஆனும் குதிரையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: பிரிட்டிஷ் இளவரசி ஆன் ஒலிம்பிக்கில் நிஜமாகவே போட்டியிட்டாரா?

ஆமாம். 1976, மான்ட்ரியல். ஈவென்டிங் பிரிவு. அம்மா இரண்டாம் எலிசபெத்தின் குதிரை குட்வில்லில் போனார். கிராஸ் கன்ட்ரியில் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. மறுபடி ஏறி முடித்தார். 24ஆம் இடம்.

கே: ஈவென்டிங் என்பது ரேஸா?

இல்லை. ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று சோதனை. டிரெஸ்ஸாஜில் குதிரை அடங்கி ஒடுங்கி, சொன்னபடி நடை மாற்ற வேண்டும். அப்புறம் கிராஸ் கன்ட்ரி: மேடு, பள்ளம், தண்ணீர், இடித்தாலும் நகராத மரத்தடைகள். கடைசியில் ஷோ ஜம்பிங், தட்டினால் விழுகிற கம்புகள். அடங்கி நடந்த அதே குதிரை அடுத்து புயலாகப் பாய வேண்டும். எனக்கு இந்த விளையாட்டின் மேல் பித்துப் பிடிக்கக் காரணமே அதுதான்.

கே: அரச குடும்பம், அதனால் அணியில் இடம். சரிதானே?

சரியில்லை. 1971இல் பர்லியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தபோது அவர் பிரிட்டிஷ் அணியில் இல்லை. தனிநபராக இறங்கினார். வயது 21. அந்தக் கோடையில்தான் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்திருந்தார். டப்லெட் என்ற குதிரையில் தனிநபர் பட்டத்தை வென்றார். 1975இல் லூமூலனில் குட்வில்லோடு தனிநபர் வெள்ளி, அணிக்கும் வெள்ளி. ஒலிம்பிக் இதற்கெல்லாம் பிறகு.

கே: டப்லெட்டும் ராணி வளர்த்த குதிரைதானே? அதில் யார் ஏறினாலும் ஜெயிக்கலாம்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். நல்ல குதிரை, லாயம், பயிற்சியாளர், வேறு வேலைக்குப் போகாமல் பழக நேரம், இதெல்லாம் பணம் இருப்பவருக்கே வாய்க்கும். இந்த விளையாட்டின் பெரிய குறையே அது. ஆனால் “யார் ஏறினாலும்” என்பதை ஏற்கவே மாட்டேன். தடைக்கு நாலு எட்டு முன்னால் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பது மேலே இருப்பவர். தப்பினால் இருவரும் விழுவார்கள்.

கே: கணவரும் குதிரை வீரரா?

ஆமாம். மார்க் பிலிப்ஸ், முதல் கணவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அணித் தங்கம்.

கே: போன வாரம் விழுந்து தலையில் அடி. ஆன் மாதிரி நானும் உடனே ஏறலாமா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்றைய விதிப்படி கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் அத்தோடு போட்டி முடிந்தது. நல்ல விதி.

கே: மகள் ஸாரா?

2005இல் ஐரோப்பிய சாம்பியன், 2006இல் ஆஹனில் உலக சாம்பியன், இரண்டுமே டாய்டவுன் என்ற குதிரையில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணி வெள்ளி. பதக்கத்தை அணிவித்தவர் அம்மா.

கே: மகளுக்கும் சலுகையில்தானே இடம்?

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. மேலே எழுதியதைப் படியுங்கள்.

கே: ஆன் இப்போதும் குதிரைப் பக்கம் போகிறாரா?

2024 ஜூனில், 73 வயதில், தன் கேட்கம் பண்ணையில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தார். குதிரையின் தலையோ காலோ பட்டிருக்கலாம் என்றார்கள். இத்தனை வருட அனுபவசாலிக்கே இப்படி. தரையில் நின்று குதிரையைப் பிடிக்கும்போதும் ஹெல்மெட் போடுங்கள்.

கே: டப்லெட் என்ன ஆயிற்று?

1974இல் விண்ட்சரில் சாதாரணப் பயிற்சி ஓட்டம். கால் முறிந்தது. கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அப்போதும் முதுகில் இருந்தவர் ஆன்தான்.