ஆக்லாந்து சென்ட்ரலில் உங்களுக்கும் ஓட்டு உண்டு, தம்பி

நியூசிலாந்துக்கு ரெசிடென்ட் விசாவில் (இங்கேயே தங்கி வாழ அனுமதிக்கும் விசா) வந்து எட்டு மாதம் ஆகிறது, ஹாப்சன் தெருவில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். குடியுரிமை வாங்காமலே ஓட்டுப் போடலாமா, போட்டாலும் இந்தப் பணக்காரத் தொகுதியில் நம் ஓட்டு எந்த மூலைக்கு என்பது உங்கள் கேள்வி.

போடலாம் தம்பி. ரெசிடென்ட் விசா இருந்து, இடைவிடாமல் 12 மாதம் இங்கே வாழ்ந்திருந்தால் போதும், ஆகவே இன்னும் நான்கு மாதம் பொறுங்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உரிமை கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். ஓட்டுப் போடுவது நம் இஷ்டம். 1996 முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று கட்சிக்கு, இன்னொன்று தொகுதி வேட்பாளருக்கு.

பணக்காரத் தொகுதி என்பது பாதிதான் சரி. 1919-இல் தொழிற்கட்சியின் (லேபர் கட்சி) பில் பாரி இங்கே ஜெயித்தார். அதே தேர்தலில் பக்கத்து ஆக்லாந்து வெஸ்ட்டில் ஜெயித்த மைக்கேல் ஜோசப் சாவேஜ், 1935-இல் அந்தக் கட்சியின் முதல் பிரதமரானார். பாரிக்குப் பிறகும் தொகுதி வேறு கட்சியின் கைக்கு மாறவில்லை. மொத்தம் 74 வருடம், நான்கே உறுப்பினர்கள். நகரின் நடுப்பகுதி அன்று கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1950-களுக்குப் பிறகு சமோவா, டோங்கா, நியூவே தீவுக்காரர்கள் இதே தொகுதியின் பான்சன்பி பக்கம் குடியேறினார்கள். 1971-இல் இந்தத் தீவுக்காரர்களின் உரிமைக்காகப் போராடிய பாலினீசியன் பாந்தர்ஸ் இயக்கம் தொடங்கியதும் அந்தத் தெருக்களில்தான். விசா முடிந்தவர்களைத் தேடி விடிகாலையில் போலீஸ் கதவைத் தட்டிய காலம் சீக்கிரமே வந்தது.

2001-இல் நான் வந்தபோது பான்சன்பியில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டு சமோவா பாட்டி ஞாயிறு காலை வெள்ளை உடுப்பும் ஓலைத் தொப்பியுமாகச் சர்ச்சுக்குக் கிளம்புவார். சில வருடத்தில் வீட்டை விற்றுவிட்டு மகனோடு தெற்கு ஆக்லாந்துக்குப் போய்விட்டார். வாங்கியவர்கள் வேலியை இடித்து இரண்டு கார் நிறுத்த இடம் செய்தார்கள். இந்தத் தொகுதியின் கதையே அதுதான், ஆட்கள் மாறினார்கள், ஓட்டும் மாறியது.

ஆனால் இங்கே தொழிற்கட்சிக்கு முதல் அடி கொடுத்தது பணக்காரர்கள் இல்லை. 1984-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு பொதுத்துறையை விற்கத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இந்தத் தொகுதியின் ரிச்சர்ட் பிரெபிள். 1993-இல் இடதுசாரி அலையன்ஸ் கட்சியின் சாண்ட்ரா லீ அவரைத் தோற்கடித்தார், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மவோரிகளுக்கென்று ஒதுக்காத பொதுத்தொகுதி ஒன்றில் வென்ற முதல் மவோரிப் பெண். அடுத்த தேர்தலில் ஜூடித் டிசார்ட் தொகுதியைத் தொழிற்கட்சிக்கு மீட்டார். 2008-இல் நிக்கி கே ஜெயித்தபோதுதான் வலதுசாரி நேஷனல் கட்சி முதன்முறையாக இங்கே கால் வைத்தது.

நம் ஓட்டு எந்த மூலைக்கு என்றீர்களே, இதைப் பாருங்கள். 2011-இல் நிக்கி கேயின் வெற்றி வித்தியாசம் 717 ஓட்டு. 2014-இல் 600. இரண்டு முறையும் தோற்றவர் பின்னாளில் பிரதமரான ஜெசிண்டா ஆர்டன்! 2020-இல் பசுமைக் கட்சியின் குளோயி ஸ்வார்பிரிக் 1,068 ஓட்டில் வென்றார். உங்கள் தெருவில் இருக்கிற நாலைந்து அடுக்குமாடிகளில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். பக்கத்திலேயே இரண்டு பல்கலைக்கழகங்கள், வாடகைக்கு இருக்கும் மாணவர்கள். படகேறிப் போகிற வைஹேக்கி தீவும் இதே தொகுதிதான். இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ஆச்சரியம்.

அப்புறம் ஒன்று. தேர்தல் சனிக்கிழமை. வெள்ளி இரவோடு தெருவில் இருக்கிற விளம்பரப் பலகைகள் எல்லாம் காணாமல் போய்விடும், பயப்படாதீர்கள், சட்டமே அப்படி. விரலில் மை வைக்க மாட்டார்கள், அடையாள அட்டையும் தேவையில்லை. 2002-இல் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை, பெயரும் முகவரியும் கேட்டார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.